"சிக்கு, இந்தப் புத்தகத்துல நாம எங்க இருக்கோம்?"

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் செஜாரா (வரலாறு) போதிக்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. என் படிவம் 4 வகுப்பில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் கலந்திருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் பின்வரிசை. போன வாரம் ஒரு பையன் பாடநூலைப் புரட்டிவிட்டு, "சிக்கு, இந்தப் புத்தகத்துல நாம எங்க இருக்கோம்?" என்று தமிழிலேயே கேட்டான் (சிக்கு என்றால் ஆசிரியர்). "அது பரீட்சைக்கு வராதுப்பா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அந்த வரிசையே புத்தகத்தைத் திறப்பதில்லை. பாடநூலில் இல்லாததைச் சொல்லிக்கொடுத்தால் சிக்கல் வருமா? தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் சனிக்கிழமை தனி வகுப்பு வைத்து நம் வரலாற்றைச் சொல்லலாமா? சோதனையில் இவர்களில் பாதிப் பேர் தேறுவதில்லை. பேசாமல் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றல் கேட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனிடம் திரும்பிப் போங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். பாடம் நடக்கும்போது, எல்லார் காதிலும் விழும்படி மலாயிலேயே சொல்லுங்கள்: "போன வாரம் இவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நாம் எல்லாரும் சேர்ந்து தேடுவோம்." அவன் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்து தன்னைத் தேடுகிறான் என்றால் அவன் அந்தப் பாடத்தின் வாசலில் வந்து நிற்கிறான் என்று பொருள். அக்கறை இல்லாதவன் கேட்டிருக்க மாட்டான், தலையைக் கவிழ்த்துத் தூங்கியிருப்பான். பினாங்கில் நீண்ட காலம் இந்தப் பாடத்தை நடத்தியவன், படிவம் 5 முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வின் விடைத்தாள்களும் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி ஒரு கேள்வி வகுப்பில் எழுந்தால் அதை விட்டுவிடக் கூடாது. அதை வைத்தே அந்தத் தவணை முழுக்கப் பாடம் நடத்தலாம்.

எப்படி நடத்துவது என்பதற்கு வருகிறேன். பாடநூலையே முதல் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவிலும் மூன்று இனத்துப் பிள்ளைகளும் இருக்கட்டும். ஒரு இயலை எடுத்து, இதில் பெயரோடு வருபவர் யார், பெயரில்லாமல் கூட்டமாக வருபவர் யார், வரவே வராதவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் பையன் கொஞ்சம் ஆச்சரியப்படுவான். 1955-ஆம் ஆண்டுத் தேர்தலில் மூன்று இனக் கட்சிகளின் கூட்டணி 52 இடங்களில் 51-ஐப் பிடித்ததே, அதில் இந்தியர் கட்சியான ம.இ.கா.வுக்கு 2 இடம். அந்த இரண்டு என்ற எண்ணுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்கலாம். அன்றைக்கு வாக்குரிமை பெற்றிருந்த இந்தியர் எத்தனை குறைவு, ஏன் குறைவு என்று கேட்டால் நேரே குடியுரிமைச் சட்டத்துக்குப் போய்விடுவீர்கள். மலாக்கா சுல்தானகத்தின் நிர்வாகத்தைப் படிவம் 2-ல் படித்திருப்பார்கள். துறைமுகத்தில் நான்கு ஷாபண்டார்கள் (துறைமுக அதிகாரிகள்) இருந்தார்கள், குஜராத்திகளுக்கென்று ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கென்று இன்னொருவர். பால்மரம் வெட்டத்தான் நாம் இந்த மண்ணுக்கு வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தமிழ் வணிகனுக்கு ஓர் அதிகாரி இருந்தார் என்பது புதிய செய்தி. புத்தகத்தில் இருந்தும் கண்ணில் படாமல் போனது அது.

அடுத்த படிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "வேறு யாரெல்லாம் இதில் இல்லை?" என்று கேளுங்கள். என் வகுப்பில் இதைக் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் பெனாகா பக்கத்து நெல் விவசாயி வீட்டு மலாய்ப் பெண். "என் தாத்தாவும் இல்லையே, சிக்கு" என்றாள். சுல்தான்கள் இருக்கிறார்கள், பிரிட்டிஷ் அதிகாரிகள் இருக்கிறார்கள், தலைவர்கள் இருக்கிறார்கள், சேற்றில் நின்று நாற்று நட்டவர் இல்லை. அவள் சொன்ன பிறகு ஒரு சீனப் பையன் தன் பாட்டி ஈயக்கழுவும் தட்டோடு ஆற்றில் நின்றதைச் சொன்னான். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் எத்தனை பக்கத்தில் வருகிறார்கள் என்று யாரோ தேட ஆரம்பித்தார்கள். பெண்கள் எத்தனை பேர் என்று முன்வரிசைப் பெண்பிள்ளைகள் எண்ணினார்கள். அந்த வகுப்பு முடியும்போது தமிழ்ப் பிள்ளைகளின் முகம் மாறியிருந்தது. தங்களை மட்டும் யாரோ வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் தளர்ந்து, எந்த வரலாற்றையும் ஒருவர் தேர்ந்தெடுத்துத்தான் எழுதுகிறார், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று யாரோ முடிவு செய்கிறார்கள் என்ற புரிதல் வந்தது. நம்மைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதைக் கேட்கும் உரிமையும் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் அந்தக் கேள்வி வகுப்பு முழுவதுக்கும் சொந்தமான கேள்வியாக மாற வேண்டும். பின்வரிசையின் மனக்குறையாக மட்டும் இருந்துவிட்டால், அது அந்த வரிசையிலேயே தங்கிப் புளித்துப்போகும்.

சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இளம் ஆசிரியர்கள் பலர் பாடநூல்தான் பாடத்திட்டம் என்று நினைக்கிறார்கள். நாம் போதிக்கக் கடமைப்பட்டது டிஎஸ்கேபி என்று சொல்கிறோமே, அந்தக் கலைத்திட்ட ஆவணத்தைத்தான். பாடநூல் அதை நிறைவேற்ற உதவும் ஒரு நூல். டிஎஸ்கேபியை ஒருமுறை அமைதியாக உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கற்றல் தரத்திலும் விளக்குதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல் என்று வரும். சான்றுகளை ஆராய்வது, காலவரிசையை அறிவது, விளக்கம் தருவது எல்லாம் வரலாற்றுச் சிந்தனைத் திறன் என்ற பெயரில் அதிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் காலப் பொருளாதார மாற்றம் என்ற கற்றல் தரத்துக்குக் கீழே உங்கள் ஊர்க் கரும்புத் தோட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்தால் அது பாடத்துக்கு வெளியே போவதாகாது. பாடம்தான் அது. ஆர்பிஎச் என்ற அன்றாடப் பாடக் குறிப்பில் கற்றல் தர எண்ணைப் போட்டு, கூடுதல் பொருள் என்று குறிப்பிட்டு, அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் எழுதிவிடுங்கள். பாடக்குழுத் தலைவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். ஒளிவுமறைவாகச் செய்தால்தான் சந்தேகம் வரும். எழுத்தில் இருந்தால் கண்காணிக்க வருபவர்கூடப் பாராட்டிவிட்டுத்தான் போவார், என் அனுபவம் அது.

உங்கள் ஊர் என்று சொன்னேன். நீங்கள் நின்று பாடம் நடத்தும் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலாயாத் தமிழர் என்றதும் எல்லாருக்கும் ரப்பர்தான் ஞாபகம் வரும். ரப்பருக்கு முன்னால் சீனி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையில், பத்து காவான் தொடங்கி நிபோங் தெபால் வரை, கரும்புத் தோட்டங்கள் இருந்தன. முதலில் சீனர்கள் போட்டார்கள், பிறகு ஐரோப்பியர் பெரிய அளவில் இறங்கினார்கள். அந்தத் தோட்டங்களுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டார்கள். இந்த நாட்டில் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் கதை தொடங்கிய இடங்களில் ஒன்று உங்கள் பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நிபோங் தெபால் பக்கம் கலிடோனியா தோட்டத்தில் 99 கதவு வீடு என்று ஊரார் சொல்லும் பாழடைந்த பெரிய பங்களாவை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். பேய்க்கதையாக அறிவார்கள். அது தோட்ட முதலாளி குடும்பத்தின் வீடு. அந்த வீட்டின் ஒரு படத்தையும், தோட்டத் தொழிலாளர் லயத்தின் (வரிசை வீடுகளின்) பழைய படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்த இரண்டு கூரைக்கும் கீழே இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எப்படித் தேவைப்பட்டார்கள்?" என்று கேளுங்கள். பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சம்பளக் கணக்கு பேச ஆரம்பிப்பார்கள்.

அங்கிருந்து நூல் நீளமாகப் போகும். ஒப்பந்த முறை 1910-ல் நிறுத்தப்பட்டது, அதற்குப் பக்கத்திலேயே, தோட்டத்துக் கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் கங்காணி முறை வளர்ந்து நின்றது, 1938-ல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை போட்டது. கப்பலில் வந்தவர்களைப் பினாங்கில் இறக்கியதும் நேரே ஊருக்குள் விடவில்லை, புலாவ் ஜெரஜாக்கில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்தார்கள். பினாங்குப் பாலத்தில் போகும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தத் தீவைப் பார்த்திருக்கிறது. தன் கொள்ளுப்பாட்டன் அதில் சில நாள் தங்கியிருக்கலாம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. ஜப்பானியர் காலத்தைப் போதிக்கும்போது சயாம்-பர்மா மரண ரயிலை விடாதீர்கள். சுமார் 415 கிலோமீட்டர் பாதை, 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். உலகம் போர்க்கைதிகளை நினைவில் வைத்திருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிப்போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர், திரும்பாதவர்கள் ஏராளம். மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் பர்மியரும் அதே பாதையில் செத்தார்கள். வகுப்பு முழுவதுக்குமான துயரம் அது.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். குடியுரிமைப் பாடம் வந்தபோது வீட்டில் இருக்கும் பழைய தாள் ஏதாவது கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு தமிழ்ப் பெண் தன் ஆயாவின் சிவப்பு அடையாள அட்டையை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் அட்டை) நகல் எடுத்துவந்தாள். ஆயா தோட்டத்திலேயே பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த மலாய்ப் பையன், "உன் ஆயா இங்கேதானே பிறந்தார், ஏன் சிவப்பு?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. கூட்டரசு அரசியலமைப்பில் குடியுரிமை பற்றிய பகுதியைக் கையில் கொடுத்து, "இதில் ஆயா எங்கே விழுவார் என்று பாருங்கள்" என்றேன். விடுதலை நாளிலும் அதற்குப் பின்னும் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. அந்த விதியையும் 1962-ல் இறுக்கினார்கள். விடுதலைக்கு முன் பிறந்தவர்களில் ஏற்கெனவே குடிமக்களாகாதவர்கள் பதிந்து வாங்க வேண்டும், அவர்களுக்கு மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, முதல் ஓராண்டுக்கு மட்டும் அந்த நிபந்தனையில் விலக்கு. இதை இருவரும் சேர்ந்து வாசித்துக் கண்டுபிடித்தார்கள். "அந்த ஒரு வருஷத்தில் யாராவது தோட்டத்துக்குப் போய்ச் சொன்னார்களா?" என்று அந்த மலாய்ப் பையன் கேட்டான். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ஆயாவைக் கேட்டுவந்தாள். தோட்டத்து எழுத்தரான கிராணி ஏதோ சொன்னதாக ஞாபகமாம், பாரம் நிரப்ப ஒரு நாள் வேலையை விட்டுப் பட்டணம் போக வேண்டுமாம், போனால் சம்பளம் பிடிப்பார்களாம், அதனால் போகவில்லையாம். அந்த ஆண்டுச் சோதனையில் குடியுரிமைக் கேள்வியைத் தவறாக எழுதியவர்கள் என் வகுப்பில் மிகக் குறைவு. அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம் எதற்கு வந்தது, அதில் இந்தியாவிலிருந்து வந்த நீதிபதி பி. மாலிக் யார் என்றெல்லாம் அவர்களாகவே தேடினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டுத் தாளைக் கட்டாய வீட்டுப்பாடமாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். உங்கள் வகுப்பில் பெற்றோரின் திருமணப் பதிவு இல்லாததால் இன்றைக்கும் அடையாள அட்டைக்காக அலையும் பிள்ளை இருக்கலாம். அப்பா இல்லாத வீடு இருக்கும், இல்லத்தில் வளரும் பிள்ளை இருக்கும். விரும்பினால் வீட்டிலிருந்து, இல்லையென்றால் கோயிலில் உள்ள கல்வெட்டையோ, தோட்டத்துப் பழைய பெயர்ப்பலகையையோ, பள்ளிவாசல் அறிவிப்பையோ கைத்தொலைபேசியில் படம் எடுத்து வரலாம் என்று வழி வைத்துக்கொடுங்கள். ஜோர்ஜ்டவுனுக்குப் போகிறவர்கள் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலையும் (1833) கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் (1801) எடுக்கலாம். தமிழ் முஸ்லிம்களும் இந்தக் கதையில் முழுப் பங்காளிகள், அதை நம் பிள்ளைகள் பலர் மறந்தே போகிறார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஆர்வம் கொண்டதும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் பெருமைக் கதைகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். "ராஜேந்திர சோழன் கெடாவை ஆண்டான், பூஜாங் பள்ளத்தாக்கு முழுக்க நாம் கட்டியது." அதைக் கேட்டு நீங்கள் உச்சி குளிர்ந்துவிடக் கூடாது, மட்டம் தட்டவும் கூடாது. மற்ற சான்றுகளைக் கேட்டது போலவே இதற்கும் கேளுங்கள். 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றித் தஞ்சைக் கல்வெட்டு கடாரத்தை, அதாவது கெடாவை, பெயர் சொல்லிப் பாடுகிறது. ஆனால் மெய்க்கீர்த்தி வென்றவன் தன் புகழைத் தானே வெட்டிவைத்தது. கடல் கடந்து வந்து தாக்குவது வேறு, உட்கார்ந்து ஆள்வது வேறு. பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த சண்டிகளில் (பழைய கோயில் இடிபாடுகளில்) இந்தியச் சமயத்தின் தடம் தெளிவாக இருக்கிறது, அதைக் கட்டியவர்களில் உள்ளூர் மக்களும் இருந்திருப்பார்கள் என்பதும் அவ்வளவே தெளிவு. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், அந்த இரும்பை உருக்கியவர்கள் யார் என்று தேடுவதே பெரிய வேலை. 2013-ல் அங்கே ஒரு பழைய சண்டி இடிக்கப்பட்டபோது நாடு முழுக்க எல்லா இனத்தவரும் கொதித்தார்கள். அந்தக் கோபம் எல்லாருக்கும் பொதுவானது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் மிகைப்படுத்திப் பேசக் கற்றுக்கொண்டால், நாளை அவர்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். அவர்கள் சொல்வதற்கு எத்தனையோ உண்மைகள் இருக்கின்றன. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949-ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது, ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்க வி.தி. சம்பந்தன் 1960-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். இதற்கெல்லாம் மிகை எதற்கு?

1969 மே 13 இனக்கலவரம் பற்றி ஒரு பத்தி. படிவம் 5-ல் அது வரும், பிள்ளைகள் முன்னதாகவே கேட்பார்கள். கலைத்திட்டத்தில் உள்ளதை நிதானமாக, பெயர் வைத்து யாரையும் சாடாமல், 1970-ல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு வந்தது வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். வீட்டில் கேட்டதை வகுப்பில் சாட்சியம் போலச் சொல்ல விடாதீர்கள். இன்றைய வகுப்பறையில் எந்த நிமிடமும் ஒரு கைத்தொலைபேசி பதிவு செய்துகொண்டிருக்கலாம், முப்பது வினாடித் துண்டு ஊரெல்லாம் சுற்றினால் முன்னும் பின்னும் நீங்கள் சொன்னதை யாரும் கேட்க மாட்டார்கள். வகுப்பில் சொல்ல முடியாத சொந்தக் கருத்தைச் சமூக ஊடகத்திலும் எழுதாதீர்கள், நாம் அரசு ஊழியர்கள்.

சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறேன். நம் வரலாற்றைச் சொல்ல என்று தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் தனியே உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் பத்து காவான் கரும்புத் தோட்டத்தைத் தமிழ்ப் பிள்ளை மட்டும் தெரிந்துகொண்டால், அவன் மலாய் நண்பன் நாற்பது வயதிலும் "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பான். அந்தக் கதையை அவனும் கேட்க வேண்டும். அதேபோல் பேராக்கில் டத்தோ மஹாராஜா லேலா ஏன் பிரிட்டிஷ் அதிகாரி பிர்ச்சை எதிர்த்தார், கிளந்தானில் தோக் ஜங்குட் 1915-ல் ஏன் வரி கட்ட மறுத்தார் என்பதை நம் பிள்ளை தன் நாட்டுக் கதையாகப் படிக்க வேண்டும். தனி அறையில் இது நடக்காது.

ஆனால் சனிக்கிழமை வகுப்பு வேண்டும்தான், வேறொரு காரணத்துக்காக. தேர்ச்சி பெறாத எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்த இனமானாலும். 2013-லிருந்து செஜாராவில் தேறாமல் எஸ்பிஎம் சான்றிதழ் கிடையாது. மற்ற ஏழு பாடத்தில் ஏ எடுத்தும் இதில் ஜி (தோல்வி) வாங்கினால் கையில் சான்றிதழ் இல்லை. வரலாறு நம்மைப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டு புத்தகத்தை மூடும் பையன் பாலிடெக்னிக் வாசலில் நிற்கும்போது அந்தக் கோபம் அவனுக்கு எந்த உதவியும் செய்யாது. இதை அவனிடம் மிரட்டலாகச் சொல்லாமல், தம்பியிடம் சொல்வது போலச் சொல்லுங்கள்.

அவர்கள் தேறாததற்குச் சோம்பல் காரணம் என்று யாராவது ஆசிரியர் அறையில் சொன்னால் நம்பாதீர்கள். பாதிக்கு மேல் வாசிப்புச் சிக்கல். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு, சிலர் புகுமுக வகுப்பு வழியாகவும் வந்து, படிவம் 4-ல் அரசியலமைப்பு, இறையாண்மை, கூட்டாட்சி என்று கனமான மலாய்ச் சொற்களைச் சந்திக்கிறார்கள். ஒரு பத்தியில் ஏழெட்டுச் சொல் புரியாவிட்டால் எவனும் புத்தகத்தை மூடத்தான் செய்வான். ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துச் சொல் எடுத்து, அதை வாக்கியத்தில் போட்டுப் பேச வையுங்கள். சனிக்கிழமை வகுப்பில் ஒரு நிமிடம் தமிழில் விளக்கினால் தவறில்லை, உடனே அதையே மலாயில் அவன் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள். பொது வகுப்பில் மட்டும் தமிழில் பேசாதீர்கள், மற்ற பிள்ளைகள் வெளியே தள்ளப்பட்டதாக உணர்வார்கள்.

பிறகு விடை எழுதும் முறை. திருத்தும்போது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: கேள்வி "ஞாத்தாக்கான்" (குறிப்பிடுக) என்றாலும் "ஹுராய்க்கான்" (விவரிக்க) என்றாலும் "வாஜார்க்கான்" (நியாயப்படுத்துக) என்றாலும் பிள்ளை ஒரே மாதிரி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். 1948 மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை பற்றிய கேள்விக்கு "குடியுரிமை கடுமையாக்கப்பட்டது" என்று எழுதி நிறுத்துவான். அது தகவல். அதற்குப் பிறகு விவரம் வேண்டும்: வெளியே பிறந்து விண்ணப்பிக்கிறவர் குறைந்தது 15 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்பது போல. அதற்கும் பிறகு எடுத்துக்காட்டோ விளைவோ வேண்டும்: 1946 மலாயன் யூனியனில் தளர்வாக இருந்தது, மலாய்க்காரர்களின் எதிர்ப்பால் இது மாறியது. ஃபாக்தா (தகவல்), ஹுராயான் (விவரம்), சொந்தோ (எடுத்துக்காட்டு) என்று அவர்கள் விரல் விட்டுச் சொல்லும் வரை இதைப் பழக்குங்கள். ஆயாவின் சிவப்பு அட்டையைப் பார்த்த பிள்ளைக்கு இந்த மூன்றாவது வரி தானாக வரும். தேர்ச்சியும் ஆர்வமும் இரண்டு தனித்தனி வேலை என்று நினைத்துத்தான் நாம் களைத்துப்போகிறோம். முதல் தாளில் 40 கொள்குறிக் கேள்விகள் இருக்கின்றன. தடுமாறும் பிள்ளைக்கு அதுதான் பிடிகயிறு, வாரத்தில் ஒருமுறை பத்துக் கேள்வியாவது போட்டு, தவறான விடை ஏன் தவறு என்று பேச வையுங்கள்.

மாற்றல் விஷயம். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுவது உயர்ந்த பணி. 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து வரும் பரம்பரை அது. உண்மையிலேயே சின்னப் பிள்ளைகளோடு இருக்க ஆசையிருந்தால் போங்கள், நானே வாழ்த்துவேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த ஆசை தெரியவில்லை, களைப்புத்தான் தெரிகிறது. பயிற்சியும் பணியமர்வும் இடைநிலைப்பள்ளிக்கு என்றிருக்கும்போது தொடக்கப்பள்ளிக்கு மாறுவது எளிதும் இல்லை. இன்னொன்றை யோசியுங்கள். தமிழ்ப்பள்ளியில் அந்தப் பிள்ளையைச் சுற்றி எல்லாருமே தமிழாசிரியர்கள். உங்கள் பள்ளியில் அந்தப் பின்வரிசை நிமிர்ந்து பார்க்கும்போது தங்கள் மொழியில் ஒரு வார்த்தை பேசக்கூடியவர் எத்தனை பேர்? அவன் கேள்வியைத் தமிழில் கேட்டது நீங்கள் நின்றுகொண்டிருந்ததால்தான். வேறொருவர் நின்றிருந்தால் கேட்டிருக்கவே மாட்டான். இந்த ஆண்டு முடியும் வரை மாற்றல் பாரத்தைத் தொடாதீர்கள் என்று ஒரு மூத்தவனாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வேலை மட்டும் இப்போதே தொடங்குங்கள். தவணை விடுமுறைக்கு முன் வகுப்பை மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் பக்கமிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரப் பயணம்தான் இருக்கும். மாநில எல்லையைத் தாண்டுவதால் பள்ளி முதல்வர் வழியாகக் கல்வி இலாகாவின் அனுமதி வாங்க வேண்டும், அதற்குச் சில வாரம் பிடிக்கும். பெற்றோர் ஒப்புதல் பாரம், காப்புறுதி, பஸ் நிறுவனத்தின் உரிமத் தாள்கள் எல்லாம் விண்ணப்பத்தோடு கேட்பார்கள். பஸ் செலவுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை அணுகுங்கள். காசு கட்ட முடியாத பிள்ளைகளின் பெயர் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரலாற்று மன்றத்தின் நடவடிக்கையாக எழுதினால் அனுமதி சுலபமாகக் கிடைக்கும், பிள்ளைகளுக்குப் புறப்பாட மதிப்பெண்ணும் சேரும். விண்ணப்பக் கடிதத்தை, உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட பையனையும் அவன் மேசை நண்பர்களையும் உட்கார வைத்து மலாயில் எழுத வையுங்கள். நீங்கள் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும்.